கிணற்றடியில் நிற்காத வாசகருக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை முழுதாக வாசித்துவிட்டேன். தர்மபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் வெயிலில் அலைந்து நீ எடுத்துவந்த தண்ணீர், அதில் நீ கண்ட ஃபுளோரைடு, எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல வேலை, நாலு பேருக்குப் பயன்படக்கூடிய வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீ கேட்டிருப்பது வேறு. எந்த எழுத்துரு, எத்தனை பாயிண்ட், மேற்கோளுக்கு எண் போடுவதா பெயரும் ஆண்டும் போடுவதா, இதைச் சொல்லிவிட்டால் இந்த வாரமே அனுப்பிவிடலாமா என்று கேட்கிறாய். இந்த வாரம் அனுப்பாதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

உன் கட்டுரையை வாசிக்கப்போகிறவர் உன்னோடு கிணற்றடியில் நின்றவர் அல்லர். குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பழைய தண்ணீர் போனபிறகு நீ பாட்டிலைப் பிடித்ததை அவர் பார்க்கவில்லை. அளவீட்டுக் கருவியை நீ எப்படிச் சரிபார்த்தாய் என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது தாள் ஒன்றுதான். ஆய்விதழ்கள் போடும் விதிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்காகவே உண்டானவை. உன்னை முன்பின் அறியாத ஒருவர் உன் எண்களை நம்ப வேண்டும். வேண்டுமென்றால் அதே வேலையைத் தானும் செய்து பார்க்க முடிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் விதிகளில் எது முக்கியம், எது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தானாகப் பிடிபடும்.

எழுத்துரு பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய வகை. எல்ஸ்வியர் நிறுவனம் 2011இல் தன் இதழ் ஒன்றில், முதல்முறை அனுப்பும்போது கட்டுரை எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. இன்று பல பதிப்பகங்களின் இதழ்கள் அப்படித்தான். ஏற்றுக்கொள்ளும் கட்டம் வரும்போது இதழின் பாணிக்கு மாற்றிக்கொடுத்தால் போதும். படிக்கத் தெளிவான எழுத்து, 12 பாயிண்ட், இரட்டை வரி இடைவெளி, பக்க எண். இவற்றோடு ஒன்றை மட்டும் மறக்காதே: வரி எண். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிவரை தொடர்ந்து ஓடும் வரி எண். மதிப்பாய்வாளர் '212ஆம் வரியில் சொல்வதற்கு ஆதாரம் என்ன' என்று கேட்பார். அது இல்லாவிட்டால் எந்தப் பக்கத்தில் எந்தப் பத்தி என்று அவர் விளக்கி எழுத வேண்டியிருக்கும். நம் கட்டுரையைச் சம்பளமில்லாமல் வாசிக்கிறவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கக் கூடாது.

நீ இன்னும் இதழைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதழ் தெரியாமல் கட்டுரையை முடிக்க முடியாது, ஏனென்றால் யாருக்கு எழுதுகிறாய் என்பது அதில்தான் இருக்கிறது. நிலத்தடி நீர் வேதியியல் இதழ் என்றால், பாறையிலிருந்து ஃபுளோரைடு எப்படித் தண்ணீருக்கு வந்தது என்பதே கேள்வி. பொது சுகாதார இதழ் என்றால், அந்தத் தண்ணீரை இன்னும் யார் குடிக்கிறார்கள் என்பதே கேள்வி. ஒரே தரவு, இரண்டு வேறு கட்டுரைகள். நீ மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகள் எந்த இதழ்களில் அதிகம் வந்திருக்கின்றன என்று பார். அவற்றில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, கடைசி ஓராண்டு இதழ்களைப் புரட்டு. ஆசிரியர்களுக்கான வழிமுறைப் பக்கத்தை அச்செடுத்துப் பேனாவோடு வாசி. சொல் வரம்பு, அட்டவணை வரம்பு, கட்டணம் உண்டா, எவ்வளவு என்று எல்லாம் அங்கே இருக்கும். ஒரே நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு இடத்தில் போட்டு வைப்போம், எது முதலில் வருகிறதோ பார்ப்போம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதே.

வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உனக்கும் வந்திருக்கும். மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழ் உண்டு, கட்டணம் இவ்வளவு என்று. மதிப்பாய்வு என்பது மூன்று நாளில் நடக்கிற காரியமே இல்லை. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அடுத்து வந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு கைவிடப்பட்டது. இனி எந்த இதழ் நல்லது என்று தீர்மானிக்கும் பொறுப்பு உன்னிடமும் உன் கைடிடமும் இருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களா, பழைய கட்டுரைகள் வாசிக்கும்படி இருக்கின்றனவா, உன் துறையில் யாராவது அதை மேற்கோள் காட்டுகிறார்களா என்று பார். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்குமுன் இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் மானியக் குழு எடுத்துவிட்டது. உன் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம், அதைக் கேட்டுக்கொள். ஆனால் அவசரத்துக்காக இந்த வேலையை அப்படிப்பட்ட இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடாதே. நல்ல இதழ்கள் ஒருமுறை வெளிவந்ததை மறுபடி வாங்காது.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். அனுபவமுள்ள மதிப்பாய்வாளர் சுருக்கத்தை வாசித்துவிட்டு நேரே அட்டவணைக்குத்தான் போவார். உன் இரண்டாம் அட்டவணையில் ஒரு கிணற்றின் ஃபுளோரைடு அளவு 1.4273 என்று இருக்கிறது. அலகு எங்கே? தலைப்பிலும் இல்லை, நெடுவரிசையின் தலையிலும் இல்லை. லிட்டருக்கு மில்லிகிராம் என்று எனக்குத் தெரியும், வாசிக்கிறவர் யூகிக்கக் கூடாது. அடுத்தது, நான்கு தசம இடம் எப்படி வந்தது? ஃபுளோரைடு மின்முனையால் அளந்திருக்கிறாய். அந்தக் கருவிக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. எக்செல் கணக்குப் போட்டுக் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறாய். 1.43 என்று எழுது. கூடுதல் இலக்கங்கள் கூடுதல் துல்லியம் ஆகிவிடாது. தன் கருவி எவ்வளவு தூரம் பார்க்கும் என்று இவருக்குத் தெரியவில்லை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். வேறு சில கட்டங்களில் நைட்ரேட் 0 என்று போட்டிருக்கிறாய். கருவியால் கண்டறிய முடியாத அளவு என்பது வேறு, சுத்தமாக இல்லை என்பது வேறு. கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று குறித்து, அந்த எல்லை எவ்வளவு என்பதை அட்டவணையின் அடியில் எழுது.

அதைவிட முக்கியமான ஒன்று அட்டவணையில் இல்லவே இல்லை: அயனிச் சமநிலை. கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஒரு பக்கம். பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃபுளோரைடு மறுபக்கம். எல்லாவற்றையும் மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மாற்றிக் கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும், தண்ணீருக்கு மின்னேற்றம் இல்லையே. வித்தியாசத்தை மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்வது வழக்கம். கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல பகுப்பாய்வு என்று பொதுவாக ஏற்பார்கள். உன் முதல் சில கிணறுகளுக்கு நானே போட்டுப் பார்த்தேன், ஒன்று தவிர மற்றவை சரியாக வருகின்றன. அந்த ஒன்றை உன் குறிப்பேட்டில் எடுத்துப் பார். பைகார்பனேட்டைக் கிணற்றடியிலேயே அளந்தாயா, மூன்று நாள் கழித்து ஆய்வகத்தில் அளந்தாயா? எதுவானாலும் மறைக்காமல் எழுது. அட்டவணையின் கடைசி நெடுவரிசையாக இந்தச் சதவீதத்தைக் கொடுத்துவிட்டால், உன்னைப் பார்க்காதவர் பாதி தூரம் உன் பக்கம் வந்துவிடுவார்.

படங்களில் வரைபடத்துக்கு அளவுகோல் இல்லை, திசைக்குறி இல்லை. சிவப்பும் பச்சையுமாக நிறம் கொடுத்திருக்கிறாய். ஆண்களில் கணிசமானவர்களுக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. நீலமும் ஆரஞ்சும் எடு, வடிவங்களையும் மாற்று. இதழில் ஒரு பத்தியின் அகலம் சுமார் 90 மில்லிமீட்டர்தான். உன் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி அச்செடுத்து, எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார். புகைப்படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, கோட்டுப் படத்துக்கு 1000 என்று பல இதழ்கள் கேட்கும். கிப்ஸ் வரைபடம் ஒன்றும் போட்டிருக்கிறாய். கிப்ஸ் அதை 1970இல் ஆறுகளையும் ஏரிகளையும் வைத்து வரைந்தார். நம் ஊரில் நிலத்தடி நீர்க் கட்டுரை என்றாலே அதை ஒட்டிவிடுகிறார்கள். உன் வாதத்துக்கு அது எதையும் கூட்டவில்லை, எடுத்துவிடு. பைப்பர் வரைபடம் இருக்கட்டும், அது தண்ணீரின் வகையைக் காட்டுகிறது, உனக்கு அது தேவை.

செய்முறைப் பகுதியில் 'மாதிரிகள் நிலையான முறைப்படி ஆராயப்பட்டன' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நீர்ப் பகுப்பாய்வுக்கான ஏபிஹெச்ஏ கையேட்டைச் சொன்னால் போதாது; எந்தப் பதிப்பு, அதில் எந்த முறை? பாட்டில் பாலிஎத்திலீனா? வடிகட்டியின் துளை 0.45 மைக்ரானா? உலோக அயனிகளுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்த்தாயா? மின்முனையில் வைக்கும்முன் டிசாப் கரைசல் கலந்தாயா? அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் ஃபுளோரைடை அது விடுவிக்கிறது. அதைச் சேர்க்காதவர் குறைவாக அளந்திருப்பார். மழைக்கு முன்னா, பின்னா, எந்த மாதம்? இதையெல்லாம் நீ செய்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எழுதாத வேலை, வாசிக்கிறவருக்குச் செய்யாத வேலைதான்.

இந்த வகையில் ராமானுஜனுக்கே விலக்கு இருந்ததில்லை. 1911இல் இந்தியக் கணிதவியல் சங்க இதழுக்கு அவர் பெர்னூலி எண்கள் பற்றிய கட்டுரையை அனுப்பினார். அது அவருடைய முதல் கட்டுரை. அவர் எழுதிய விதம் மிகச் சுருக்கம், நடுவில் உள்ள படிகள் இல்லை, சாதாரண வாசகர் பின்தொடர முடியவில்லை. இதழின் ஆசிரியர் நாராயண ஐயங்கார் ஒருமுறைக்கு மேல் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கித்தான் வெளியிட்டார். அந்த ஆசிரியரின் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. ஒரு பெரிய மனம் வெளியே வருவதற்கு இன்னொருவர் படிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எழுதும் வரிசையையும் மாற்றிக்கொள். நீ முன்னுரையில் தொடங்கி மாட்டிக்கொண்டிருக்கிறாய், நான்கு பக்கம் உலகம் முழுவதும் உள்ள ஃபுளோரைடு வருகிறது. அட்டவணையும் படமும் முடிந்தபின் செய்முறை எழுது. பிறகு முடிவுகள், பிறகு விவாதம். முன்னுரை அதற்குப் பின்னால்தான், மூன்று பத்தி போதும். ஃபுளோரைடு என்ன செய்யும், இந்திய தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது ஒரு பத்தி. தர்மபுரியின் கடினப் பாறைப் பகுதியில் என்ன தெரிந்திருக்கிறது, என்ன தெரியவில்லை என்பது இன்னொன்று. நீ எதைத் தேடிப் போனாய் என்பது மூன்றாவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டபின்னும் இந்தக் கிணறுகள் ஏன் முக்கியம் என்று ஒரு வாக்கியமாவது அதில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியை அறிந்த மதிப்பாய்வாளர் கட்டாயம் கேட்பார்.

தலைப்பிலிருந்து 'ஓர் ஆய்வு' என்பதை எடு. கட்டுரை என்றாலே ஆய்வுதான். உன் வேலையின் சாரம், கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய இடத்தில் ஃபுளோரைடு ஏறுகிறது என்பது. அது தலைப்பிலேயே தெரியட்டும். சுருக்கத்தில் பின்னணிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் கொடுக்காதே, மீதி இடம் எண்களுக்கு. புள்ளியியலில் பி மதிப்பு 0.000 என்று மென்பொருள் காட்டினால் 0.001ஐ விடக் குறைவு என்று எழுது. எந்த நிகழ்தகவும் அப்படிச் சுழியம் ஆவதில்லை.

உன் பெயரைப் பற்றி நிதானமாக யோசி. நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான். இதழின் இணையப் படிவம் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். அவசரத்தில் அப்பா பெயரை அங்கே போட்டால், உலகம் உன் வேலையை என் அண்ணன் பெயரில் மேற்கோள் காட்டும். அண்ணனுக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம், ஆனால் வேலை உன்னுடையது. ராமானுஜனின் ஸ்ரீனிவாசவும் சி.வி. ராமனின் சந்திரசேகரவும் அவர்களுடைய தந்தையரின் பெயர்கள். அவர்களை உலகம் சொந்தப் பெயரிலேயே அறிந்திருக்கிறது. ஒரு கட்டுரையில் முதலெழுத்து முன்னால், அடுத்ததில் பின்னால், கல்யாணத்துக்குப் பிறகு வேறொன்று என்று மாறினால் தேடுகிறவருக்கு நீ மூன்று பேர். இன்றே ஒரு வடிவத்தை முடிவு செய், கடைசிவரை அதையே வைத்துக்கொள். ஆர்கிட் எண்ணும் வாங்கிவிடு. 16 இலக்கம், இலவசம். உன் பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த எண் உனக்கு மட்டுமே உரியது.

மற்றவர்கள் பெயரிலும் கவனம் வேண்டும். யார் ஆசிரியர் என்பதற்கு மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் சொல்கிறது: வேலையில் குறிப்பிடத்தக்க பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர வேண்டும். மற்ற துறைகளும் ஏறக்குறைய இதையே பின்பற்றுகின்றன. துறைத்தலைவர் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள் என்று பயப்படுகிறாய், புரிகிறது. எழுதி முடித்தபின் இந்தப் பேச்சை எடுத்தால் சண்டையாகும். இப்போதே கைடிடம் போய், 'சார், யார் யார் பெயர், எந்த வரிசை, யார் என்ன செய்தார்கள் என்று இதழில் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளலாமா' என்று கேள். பல இதழ்கள் 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்து எழுதச் சொல்கின்றன. அந்தப் படிவத்தைக் காட்டினால் பேச்சு எளிதாகும். பாட்டில் பெட்டியைச் சுமந்து உன்னோடு வந்த தம்பிக்கும், கிணற்றைத் திறந்துவிட்டவர்களுக்கும் நன்றிப் பகுதியில் இடம் கொடு. ஆனால் தரவுக் கோப்பில் வீட்டுக்காரர் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றை நீக்கிவிட்டுக் கிணறுகளுக்கு எண் கொடு. தன் கிணற்றுத் தண்ணீர் நல்லதில்லை என்று ஊரெல்லாம் தெரிவதை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. முடிவை மட்டும் அவரவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடு, அது உன் கடமை.

மேற்கோள்களை ஜோட்டெரோவில் சேர்த்து வை, கையால் தட்டாதே. ஆனால் மென்பொருளை அப்படியே நம்பாதே. அது சில தலைப்புகளை முழுக்கப் பெரிய எழுத்தில் இழுத்து வரும், கீழ்க்குறி எண்கள் தொலையும். ஒவ்வொரு டிஓஐ எண்ணையும் சொடுக்கி, அது போய் நிற்கும் கட்டுரை நீ வாசித்ததுதானா என்று பார். செயற்கை நுண்ணறிவில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்கிறேன் என்றாய். இதழ் அனுமதித்தால் செய், செய்ததை வெளிப்படையாகச் சொல். மேற்கோளை மட்டும் அதனிடம் கேட்காதே, இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் ஆண்டும் கொடுக்கும். ஒப்புமை அறிக்கையில் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டது என்று நிம்மதி கொள்ளாதே. அந்தக் கொஞ்சமும் இன்னொருவரின் விவாதப் பத்தியாக இருந்தால் தவறுதான்.

இதழாசிரியருக்கான கடிதம் அரைப் பக்கம் போதும். என்ன கண்டோம், ஏன் இந்த இதழின் வாசகருக்கு, வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி. புகழ்ச்சி வேண்டாம். பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் கோப்பின் பண்புகளிலும் நன்றிப் பகுதியிலும் 'எங்கள் முந்தைய கட்டுரையில்' போன்ற வரிகளிலும் உன் பெயர் தெரியாதபடி பார்த்துக்கொள்.

பெரிய திருத்தம் கேட்டுக் கடிதம் வந்தால் அழாதே, அது நல்ல செய்தி. வாசலில் திருப்பி அனுப்பாமல் உள்ளே அழைத்துப் பேசுகிறார்கள். ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எடுத்தெழுதி, கீழே பதில், எந்த வரியில் மாற்றினாய் என்பதோடு கொடு. ஒப்புக்கொள்ள முடியாததைக் காரணத்தோடு மறு, அதற்கும் மதிப்பு உண்டு.

இப்போதைக்கு இரண்டாம் அட்டவணையைத் திருத்தி, அயனிச் சமநிலை நெடுவரிசையோடு எனக்கு அனுப்பு. அந்த ஒரு கிணற்றின் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அதோடு வை. தலைப்பையும் சுருக்கத்தையும் இப்போது தொடாதே. அட்டவணை வந்ததும் செய்முறைப் பகுதியைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.

அன்புடன்,
அத்தை